அந்த ரிப்போர்ட் வந்துச்சுங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதம் பகுதியில் திருப்பூர் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வருஷா வருஷம் மழை விட்டதும் டெங்கு வந்து ஆளைச் சாய்க்கிறது, கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் தடுப்பூசி வந்துவிட்டது, டெங்குவுக்கு மட்டும் பரிசோதனை பரிசோதனை என்று ஏன் இழுக்கிறார்கள், சட்டென்று அனுமதி கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். அவர் வீட்டில் யாருக்கோ டெங்கு வந்து போயிருக்கும் போல, எழுத்திலேயே சூடு தெரிந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் கடைசியில், அரசு அனுமதி கொடுத்துவிட்டால் மக்கள் தானாக நம்பிப் போட்டுக்கொள்வார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். 1987ல் வேலையில் சேர்ந்து 2022ல் ஓய்வு பெற்றேன். ஊருக்கு நான் நர்சம்மா. தடப்பள்ளி வாய்க்கால் கரையிலும் மஞ்சள் காட்டு இட்டேரியிலும் முதலில் நடந்து, அப்புறம் சைக்கிளில், கடைசியாக எக்செல் வண்டியில் வேக்சின் கேரியரை முன்னால் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். நான் ஊசி போட்ட பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடமே ஊசி போட்டுப் போனார்கள். தடுப்பூசியை எதிர்க்கிறவள் என்று யாரும் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிழைப்பே அதுதான்.

எங்களுக்குப் பயிற்சியில் நாலு விஷயம் சொல்லிக் கொடுப்பார்கள். ஊசி போட்டதும் தாயிடம் சொல்ல வேண்டியவை. இது என்ன ஊசி, எந்த நோய்க்கு; இதனால் உடம்புக்கு என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்வது; அடுத்த ஊசிக்கு எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து மறக்காமல் கொண்டு வர வேண்டும். ஊசி போடும் புதன்கிழமைக் கூட்டத்தில் அவசரப்பட்டு நாங்கள் முழுங்கிவிடுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளாவும். அதைப் போட்டால் அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கும், தொடை கல்லாகிவிடும், குழந்தை வீல் வீலென்று அழும். "கண்ணு, ரவைக்குக் காச்சல் அடிக்கும், பயந்துக்காதே, இந்த மருந்தை இத்தனை சொட்டுக் குடு, துணியப் போட்டு இறுக்கிச் சுத்திப்போடாதே" என்று சொல்லி அனுப்பிய வீட்டுக்கு மறுநாள் போனால் காப்பி கிடைக்கும். சொல்ல மறந்த வீட்டில் மாமியார் வாசலிலேயே நிற்பார். காய்ச்சல் இரண்டு வீட்டிலும் ஒன்றேதான்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையோ என்று 2021 ஜனவரியில் எனக்குத் தோன்றியது.

ஜனவரி 3ஆம் தேதி கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் ஒரே நாளில் அவசரகால அனுமதி கொடுத்தார்கள். கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. 25,800 பேரை வைத்து நடந்த அந்தப் பரிசோதனையில் மருந்து எவ்வளவு காக்கிறது என்ற கணக்கு இன்னும் ஒரு எண்கூட வெளியே வரவில்லை. அதனால் 'பரிசோதனை முறையில்' என்று ஒரு நிபந்தனையோடு அனுமதி. அன்றைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி வி.ஜி.சோமானி செய்தியாளர்களிடம், இரண்டும் 110 சதவீதம் பாதுகாப்பானவை என்றார். நூறுக்கு மேல் பத்து!

என் அண்ணன் மகள் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பிப்ரவரியில் அவளுக்குக் கோவாக்சின் முறை வந்தது. ஒரு படிவத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அத்தை, இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க." முழுக்க ஆங்கிலம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கோவாக்சினின் பலன் இன்னும் உறுதி செய்யப்படவில்லை, மூன்றாம் கட்டப் பரிசோதனையில் ஆய்வில் இருக்கிறது என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. ஊசியால் கடுமையான பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி இருப்பதாகவும் எழுதியிருந்தது.

எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் மரியாதை வந்தது. அதுவரை யாரும் அப்படிப் பேசவில்லை. அண்ணனுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "டிவியில நூத்திப்பத்துங்கறான், காயிதத்துல இன்னும் தெரியாதுங்கறான், எதைப் புடிக்கிறது?" என்றார். அண்ணன் மாடு வாங்கி விற்கிறவர். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகாத வருஷம் கிடையாது. எந்தக் குறையும் இல்லாத மாடு என்று சத்தியம் பண்ணுகிற தரகனிடம் அவர் நிற்கவே மாட்டார். இடது பின்காம்பு கொஞ்சம் சிறுத்திருக்கும், பாலுக்குக் குறையில்லை, வேண்டுமானால் காலையில் வந்து கறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறவனிடம்தான் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்.

அண்ணன் மகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இந்தக் காகிதம் உண்மை பேசுகிறது, முதல் இரண்டு கட்டங்களில் பாதுகாப்பைப் பார்த்திருக்கிறார்கள், நீ வேலை பார்க்கும் வார்டில் நோய் நிச்சயம், அதனால் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டாள். மார்ச் மாதம் இடைக்கால முடிவு வந்தது, 81 சதவீதம். அந்த நிபந்தனையும் படிவமும் அப்போதே போய்விட்டன. ஜூலையில் இறுதிக் கணக்கு 77.8. நவம்பர் 3ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. மருந்து தேறிவிட்டது, சரி. ஆனால் விடைத்தாள் திருத்தும் முன்பே பாஸ் போட்டதை ஊர் மறக்கவில்லை. அப்புறம் வந்த நல்ல செய்தி ஒவ்வொன்றையும் ஒரு சந்தேகத்தோடுதான் கேட்டது.

ஏப்ரலில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 15ஆம் தேதி வியாழக்கிழமை நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மக்கள் பயப்படக் கூடாது என்பதற்காகவே எல்லோர் முன்னாலும் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. சனிக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே சொன்னார்கள். யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை எங்கள் முகாமில் கோவிஷீல்டு. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டியதுதான். பதினோரு மணி வரை வந்தது மூன்றே பேர். மூவரில் ஒருவர் ஊசிக்கு வரவில்லை, பிரஷர் மாத்திரைக்கு வந்தவர். நான் வீடு வீடாகக் கிளம்பினேன். தறிக்குடோனில் ஓர் அம்மா தார் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஏனுங் நர்சம்மா, விவேக்குக்கே அப்படி ஆயிப்போச்சு. அவருக்குப் பெரிய பெரிய டாக்டரெல்லாம் பக்கத்துல இருந்தாங்கோ. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தத் தறிச் சத்தத்துல ஆருக்குங் கேக்கும்?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வரவில்லை.

தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளை ஆராய தேசிய அளவில் ஒரு குழு இருக்கிறது. விவேக் மரணத்தை அந்தக் குழு ஆராய்ந்து, ஊசிக்குத் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. எப்போது தெரியுமா? அக்டோபரில். ஆறு மாதம்! நாடே அறிந்த மனிதர், அவர் விஷயத்திலேயே ஆறு மாதம். அதற்குள் எங்கள் ஊர் தன் முடிவை எடுத்து, அதை மறந்து, வேறு வேலைக்குப் போய்விட்டது. அந்த அக்டோபர் செய்தியை நான் முகாமில் வாசித்துக் காட்டியபோது, ஏனம்மா பழைய கதை என்பது போலப் பார்த்தார்கள்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. மே மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. திருப்பூரும் ஈரோடும் தகித்தன. ஜூனில் அதே தறிக்குடோன் அம்மா விடிகாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் டோக்கனுக்கு நின்றார். வரிசையில் செருப்பையும் கல்லையும் போட்டு இடம் பிடித்தார்கள். அன்றைக்கு எங்களிடம் மருந்து இல்லை. அதைப் பார்த்து, மக்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று மேலே அறிக்கை எழுதியிருப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் வளவில் இருபது நாளில் மூன்று பேர் போயிருந்தார்கள். பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நின்றது, அவ்வளவுதான். (அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்களைச் சனிக்கிழமைக்கு மாற்றிய கூத்தும் உண்டு. கறி சாப்பிட்டவர்களும் சரக்கடித்தவர்களும் ஊசி சேராது என்று வராமல் இருந்ததால், சுகாதாரத் துறையே நாளை மாற்றியது. ஜனங்கள் மனசை அறிந்து செய்த காரியம் என்று அதை நான் மெச்சுவேன்.)

கோவிஷீல்டு கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் கடைசியில், லண்டன் நீதிமன்றத்தில் ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி, மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்று ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு என் போன் ஓயவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அவர்களுக்கு நான்தான் நர்சம்மா. "நீங்கதானுங் போட்டுவிட்டீங்கோ" என்று ஒரு பையன் அழாத குறையாகக் கேட்டான். ஊசி போட்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது, அந்தப் பாதிப்பு வருவதென்றால் போட்ட சில வாரங்களுக்குள் வரும், இப்போது பயப்பட ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் எனக்கே கோபம் வந்தது. இது ரகசியமே கிடையாது. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை இதை மிக அரிதான பக்கவிளைவு என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. மே 17ஆம் தேதி நம் மத்திய சுகாதார அமைச்சகமும் அறிக்கை விட்டது. ரத்தம் உறைந்ததாகக் கருதத்தக்கவர்கள் 26 பேர், பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்று கணக்கு. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி வந்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. நல்ல அறிவுரை. ஆனால் அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு துண்டுச் சீட்டாகக்கூட, தமிழில், கைக்கு வரவில்லை. காய்ச்சல் வரும், கை வலிக்கும், மாத்திரை போட்டுக்கொள் என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். டெல்லியில் சொன்னது கோபிக்கு வராமல், மூன்று வருஷம் கழித்து லண்டனிலிருந்து வந்தால் அது களவு பிடிபட்டது மாதிரிதானே இருக்கும்?

கெட்ட செய்தியைச் சொன்னால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரு பயம். என் அனுபவத்தில் அப்படி இல்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1950களில் எதிர்த்தவர் சாதாரண ஆள் அல்ல, சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகி, முதலமைச்சராகவும் இருந்த ராஜாஜி. வாட்ஸ்அப் வந்துதான் சந்தேகம் வந்தது என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். அப்புறம் 1968ல் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது. அரசாங்கமே நடத்தி, தனக்கு ஆகாத அந்த முடிவைத் தானே வெளியிட்டது. பச்சைக் குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பாற்றுகிறது, அதனால் பிறந்ததும் போடுகிறோம் என்று காரணமும் சொன்னது. இன்றைக்கும் எந்தத் தாயும் பி.சி.ஜி. வேண்டாம் என்று என்னிடம் சொன்னதில்லை. இடது தோளில் தழும்பு விழவில்லை என்றால்தான் வந்து சண்டை போடுவார்கள்.

இனி திருப்பூர் அன்பருக்கு. டெங்கு தடுப்பூசி ஏன் தாமதம் என்று கேட்டீர்கள். டெங்குவில் நாலு வகை வைரஸ். ஒரு வகை ஒருமுறை வந்து போனவருக்கு, அடுத்த முறை வேறு வகை வந்தால் சில சமயம் முன்னைவிடக் கடுமையாக அடிக்கும். ஊசியும் அந்த முதல் டெங்கு செய்கிற வேலையைச் செய்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2015 டிசம்பரில் டெங்வாக்சியா என்ற ஊசிக்கு அனுமதி கொடுத்து, 2016 ஏப்ரலில் பள்ளிக்கூடங்களில் போடத் தொடங்கினார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2017 நவம்பரில், அதுவரை டெங்குவே வராத பிள்ளைகளுக்கு இந்த ஊசிக்குப் பிறகு டெங்கு வந்தால் கடுமையாகலாம் என்று கம்பெனியே அறிவித்தது. திட்டத்தை நிறுத்தினார்கள். பெற்றோர் டெங்கு ஊசியோடு நிற்கவில்லை, எல்லா ஊசிக்கும் கதவைச் சாத்தினார்கள். 2019ல் அங்கே தட்டம்மை கிளம்பி நூற்றுக்கணக்கான குழந்தைகள் போய்விட்டார்கள். பழுதானது ஒரு ஊசி, பிள்ளைகள் செத்தது இன்னொரு ஊசியைப் போடாமல் விட்டதால்.

நம் நாட்டில் ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக் கம்பெனியும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் டெங்கு ஊசிக்கு மூன்றாம் கட்டத்தைத் தொடங்கினார்கள். 19 இடங்களில் 10,335 பேருக்கு. ஒவ்வொருவரையும் இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்ப்பதாகத் திட்டம். அந்த இரண்டு வருஷம் சோம்பேறித்தனம் அல்ல. ஊசி போட்டவர்களின் ஊரில் ஒரு மழைக்காலமாவது வந்து, கொசு கடித்து, காய்ச்சல் வந்து போனால்தான் எதுவும் தெரியும். அதுவரை நாம் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவலாம். வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர் வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது "எங்கூட்டுல புழு இல்லீங்" என்று மறிக்காமலும் இருக்கலாம். சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை.

நான் கேட்பது வேறொன்று. 2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்று சொன்ன தீர்ப்பிலேயே, ஊசிக்குப் பின் வந்த பாதிப்புகளின் அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்லியிருக்கிறது. வெளியிடுகிறார்கள். இணையத்தில், ஆங்கிலத்தில், அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியிலும் குறியீட்டு எழுத்துகளோடு. என் அண்ணன் மகள்கூடத் திணறுகிறாள். அதைத் தமிழில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டினால் என்ன? புது ஊசி வரும்போது, என்ன தெரியும், என்ன இன்னும் தெரியாது என்று அந்தப் பழைய படிவம் போல ஒரு பக்கம் அச்சடித்து, போடுகிற நர்ஸின் கையிலாவது கொடுத்தால் என்ன? யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால், விசாரணை முடிந்ததும் அந்த வீட்டுக்கே போய் முடிவைச் சொன்னால் என்ன?

கடைசியாகக் கேட்டது எனக்கு அடிவயிற்றில் இருக்கிற விஷயம். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2013 ஆடி மாதம். ஒரு புதன்கிழமை. இரண்டரை மாதப் பெண் குழந்தை, பென்டா இரண்டாவது தவணை. அம்மாவுக்கு இருபத்தோரு வயசு இருக்கும். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை மாதிரி தைத்த ஒரு சின்ன மஞ்சள் சட்டை. காய்ச்சல் வரும் என்று சொன்னேன், மருந்து கொடுத்தேன், நாலு விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன், அது நன்றாக நினைவிருக்கிறது. வியாழக்கிழமை விடிகாலை அந்தக் குழந்தை எழுந்திருக்கவில்லை.

சேதி வந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது, வண்டியை எடுத்துவிட்டேன். அந்த வீட்டுக்கு முதலில் போகத் தைரியம் இல்லை. அதே குப்பியிலிருந்து இன்னும் ஆறு குழந்தைகளுக்குப் போட்டிருந்தேன். ஆறு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு தொட்டிலையும் விலக்கி, மூக்கின் கிட்டே புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஆறும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் ஏழாவது வீட்டுக்குப் போனேன். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தப் பெண் மட்டும், "நர்சம்மா, ரவைக்குப் பால் குடிச்சாளுங்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போலீஸ் வந்தது, பிரேதப் பரிசோதனை நடந்தது. மேலிருந்து அதிகாரிகள் வந்து குப்பியைச் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். காலையும் மாலையும் நான் வெப்பநிலை எழுதி வைத்த ஃபிரிட்ஜ் நோட்டையும் வாங்கிப் போனார்கள். பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பினார்கள். என்னிடமும் கேட்டார்கள், தாயிடமும் கேட்டார்கள், ஒருமுறைக்கு இரண்டுமுறை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். முடிவு மட்டும் வரவில்லை. மாதக் கூட்டத்தில் நானாகவே எழுந்து கேட்டேன். "அது மேலே போயிருச்சும்மா" என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது மாதம் கேட்கவில்லை.

ஊசியால் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆறு குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வயசில் தூக்கத்தில் பால் புரையேறிப் போவது உண்டு, இதயத்தில் பிறவிக் கோளாறும் இருந்திருக்கலாம். ஊசி போடாத வாரத்திலும் குழந்தைகள் இறக்கின்றன, ஊசி போட்ட வாரத்தில் இறந்தால் ஊசி மேல் வருகிறது. ஆனால் நான் நினைப்பது ரிப்போர்ட் ஆகாது. அந்த வளவில் அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு குழந்தையும் என்னிடம் வரவில்லை. என்னைக் கண்டால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வசதி உள்ளவர்கள் டவுனுக்குத் தூக்கிப்போய்ப் பணம் கொடுத்துப் போட்டார்கள், இல்லாதவர்கள் போடாமலே விட்டார்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் வந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயசுக்குள் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ பரவி, பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்தினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் ஒரு பையன் பிறந்து ஒன்றரை வயசு. ஒரு ஊசியும் போடாத பையன். நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கோ என்றாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஊசியைப் பற்றி வாயெடுக்கும் முன் அவளே கேட்டாள்.

"நர்சம்மா, அந்த ரிப்போர்ட் வந்துச்சுங்களா?"

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. மூன்றரை வருஷம் காத்திருந்து கேட்கிற கேள்வி மாதிரியும் இல்லை, போன வாரம் கொடுத்த ரேஷன் கார்டு திருத்தம் வந்துவிட்டதா என்று கேட்பது மாதிரி. நான் தண்ணீரைக் குடித்தேன். இல்லை கண்ணு என்றேன். "செரிங், வந்துதுன்னாச் சொல்லுங்கோ, அப்பறம் இவனுக்குப் போட்டுக்கலாம்" என்றாள். அந்தப் பையனுக்குப் போடாமலேதான் திரும்பினேன். எனக்கு அவளை வற்புறுத்த வாய் வரவில்லை.

2021 ஜூனில் டோக்கன் வரிசையில் அவளும் புருஷனும் நின்றார்கள். அவள் முறை வந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். காய்ச்சல் வரும், மாத்திரை போட்டுக்கொள் என்றேன். தலையாட்டினாள். அன்றைக்கு அவள் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் இருநூறு பேர் நின்றார்கள்.

அந்தக் குப்பியின் பேட்ச் எண், ஊசி போட்ட நேரம், ஆறு குழந்தைகளின் பெயர், விசாரணைக்கு வந்த தேதிகள் எல்லாம் என் 2013ஆம் வருஷத்து டைரியில் இருக்கின்றன. உரியவர்கள் யாராவது தேடிப் பார்ப்பதாக இருந்தால் கொடுக்கிறேன். அந்த வீடும் அதே இடத்தில்தான் இருக்கிறது, வழி காட்ட நான் வருகிறேன்.

அந்தப் பெண்ணை ஊரில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் என் பெயரையும் கிராமத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.